எதிர்ச்சுவரில் ஒரு பறவை
படுக்கையில் இருப்போருக்கான பழைய பறவை ஓவியங்கள்: ஓர் அறிமுகமும் சில நடைமுறைக் குறிப்புகளும்

நோயுற்றுப் படுக்கையில் இருப்பவர் ஒரு நாளில் மிகுதியாகக் காண்பது எதிர்ச்சுவரைத்தான். மருத்துவர் சில நிமிடங்கள் நின்று பார்த்துச் செல்கிறார். செவிலியர் மருந்து வேளைகளில் வருகிறார். உறவினர் வேலைக்கும் வீட்டிற்கும் இடையே வந்து போகின்றனர். எஞ்சிய நீண்ட பொழுதில் அவர் கண்முன் இருப்பது வெறும் சுவர். அல்லது, சென்ற ஆண்டின் நாட்காட்டியும் மழைநீர் கசிந்த கறையும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின்போ பக்கவாதத்திற்குப் பின்போ ஒருவரை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தினர் கட்டில், மெத்தை, காற்றோட்டம், கழிவறைக் கைப்பிடி ஆகியவற்றைக் கருத்தாக ஏற்பாடு செய்கின்றனர். சுவரை எவரும் நினைப்பதில்லை. அந்தச் சுவரில் எதை வைக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல விடையாக, ஏறத்தாழ 150 முதல் 250 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட பறவை ஓவியங்களின் மறுபதிப்புகளை இக்கட்டுரை அறிமுகப்படுத்துகிறது. அவை எவ்வாறு தோன்றின, நோயாளிக்கு ஏன் பொருந்துகின்றன, ஆய்வுகள் எதைக் கூறுகின்றன, எவ்வாறு தேர்ந்து அச்சிட்டு மாட்டுவது, எப்போது கழற்றிவிட வேண்டும் என்பன முறையே விளக்கப்படுகின்றன.

பழைய பறவை ஓவியம் என்பது யாது?

நிழற்படக் கருவி பரவலாவதற்கு முன், ஒரு பறவையை இன்னதென்று பிறருக்கு அறிவிக்க ஓவியமே வழியாக இருந்தது. ஆகவே ஓவியர் பறவையை அலகு முதல் நகம் வரை தெளிவாகத் தெரியுமாறு, பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கும் நிலையில் வரைந்தார். பின்னணி வெண்மையாக விடப்பட்டது. மிஞ்சினால் ஒரு கிளையோ சிறிது புல்லோ இருக்கும்.

அந்த ஓவியத்தை நூலாக்குவதற்குச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடும் முறையும், கல்லச்சு முறையும் கையாளப்பட்டன. கல்லச்சு முறையில், வழவழப்பாக்கப்பட்ட சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படத்தை வரைவர். கல்லை நீரால் நனைத்து மை பூசினால், மை கோடுகளில் மட்டும் ஒட்டும். ஈரமான இடங்களில் ஒட்டாது. அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். அதன்பின் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாகக் கையாலேயே வண்ணம் தீட்டினர். நூறு படிகள் வேண்டுமெனில் ஒரே பறவைக்கு நூறு முறை வண்ணமிட வேண்டியிருந்தது. அந்தப் பொறுமை படத்தில் இன்றும் தெரிகிறது.

வெண்மையான பின்னணி, ஒரே ஓர் உருவம், தெளிவான எல்லைக் கோடு, கண்ணை உறுத்தாத வண்ணம் ஆகிய இவ்வியல்புகள் அறிவியல் தேவைக்காக அமைந்தவை. ஆயினும் களைப்புற்ற கண்ணுக்கும் அவையே ஏற்றவை. ஒரு பெரிய காட்டின் நிழற்படத்தில் எதைப் பார்ப்பது என்று கண் அலைகிறது. ஒற்றைப் பறவை நிற்கும் தாளில் அது எளிதாக ஓரிடத்தில் தங்குகிறது. விரும்பினால் இறகு இறகாக நெடுநேரம் உலவவும் செய்கிறது.

சென்னையில் பிறந்த ஓவியங்கள்

இத்தகைய ஓவியங்கள் ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் மட்டும் உரியவை என்று பலர் எண்ணக்கூடும். மீஞ்சூரிலிருந்து புறநகர் இரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சென்னைக்கு இவ்வரலாற்றில் பெரிய இடமுண்டு.

1801ஆம் ஆண்டு, சென்னை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவராக ஹென்றி குவில்லிம் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்தார். அவருடன் மனைவி எலிசபெத் குவில்லிமும், எலிசபெத்தின் தங்கை மேரி சைமண்ட்ஸும் வந்தனர். எலிசபெத் சென்னையில் வாழ்ந்த சுமார் ஆறு ஆண்டுகளில் இப்பகுதியின் பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். பறவை பிடிப்போர் கொண்டுவந்த பறவைகளை, பெரும்பாலும் உயிருடன் இருக்கும்போதே கவனித்து, பெரிய தாள்களில் உயிரளவிற்கு நெருங்கிய அளவில் தீட்டினார். அக்காலத்தில் பலர் பதப்படுத்தி அனுப்பப்பட்ட இறந்த பறவைகளைப் பார்த்தே வரைந்தனர். ஆதலால் அவர்களுடைய பறவைகள் பல விறைத்து நிற்கின்றன. எலிசபெத்தின் பறவைகளில் நிற்கும் தோரணையும் விழியின் ஒளியும் தெரிகின்றன. அவர் 1807 டிசம்பரில் சென்னையிலேயே காலமானார். புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய ஓவியங்கள் நூலாக வெளிவரவில்லை. ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக எவர் கண்ணிலும் படாமல் இருந்தன. 1924ஆம் ஆண்டு இலண்டனில் அவற்றைக் கண்டெடுத்தவர் கேசி உட் என்பவர். அவர் தொழிலால் கண் மருத்துவர். பறவை நூல்களைத் தேடிச் சேர்ப்பதில் ஆர்வம் மிக்கவர். அவர் வழியாக அவ்வோவியங்கள் கனடாவிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. பறவை ஓவியங்கள் மட்டும் 121. அவை இப்போது எண்ணிம வடிவில் இணையத்தில் காணக் கிடைக்கின்றன.

சென்னையோடு தொடர்புடைய இன்னொருவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப்பிரிவில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். நம் ஊர் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் இரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் உள்ள நெல்லூரிலும் அவர் மருத்துவராக இருந்தார். அங்கு வாழ்ந்த ஏனாதிப் பழங்குடியினரிடமிருந்து உயிரினங்களைப் பற்றி நிறையக் கேட்டறிந்தார். தென்னிந்தியப் பறவைகளை முதன்மையாகக் கொண்டு 50 வண்ணத் தகடுகளுடன் அவர் தொகுத்த நூல் 1843 முதல் 1847 வரை சென்னையில் பகுதி பகுதியாக வெளியாயிற்று. அதன் படங்களில் பலவற்றை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். அந்நூலைக் கண்ட இங்கிலாந்து அறிஞர் ஹியூ ஸ்டிரிக்லண்ட் சென்னை ஓவியர்களின் கைத்திறனைப் பாராட்டி எழுதினார். நூல் ஜெர்டனின் பெயரால் நிலைத்தது. தூரிகை பிடித்த கைகள் நம் மண்ணின் கைகள் என்பதையும் படத்தைப் பார்ப்போர் அறிந்திருத்தல் நன்று.

இவ்வாறு ஓவியரின் பெயரும் தவறாமல் நிலைபெற்ற ஒரு தொகுதி கல்கத்தாவில் உருவாயிற்று. 1777 முதல் 1782 வரை, தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரைக் கொண்டு 300க்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டச் செய்தார். அவற்றுள் பாதிக்கும் மேல் பறவைகள். முகலாய ஓவிய மரபின் நுணுக்கமும் ஆங்கிலேயத் தாளும் அறிவியல் நோக்கமும் அவற்றில் ஒன்று சேர்ந்துள்ளன.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அவர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள், அவர்தம் கண்களின் வண்ண ஓவியங்களோடு பாதுகாக்கப்பட்டுள்ளன. நோயையும் உயிரினத்தையும் ஒரே வகையான கூர்ந்த பார்வையோடு வரைந்து வைத்த காலம் அது. மருத்துவர்கள் பலர் பறவை நூல்களின் பக்கம் ஈர்க்கப்பட்டதற்கும் இதுவே காரணம் எனலாம். உற்றுநோக்கிக் குறித்து வைப்பது இரு துறைகளுக்கும் அடிப்படையன்றோ?

ஆய்வுகள் கூறுவனவும் கூறாதனவும்

செவிலியப் பணிக்கு வழிகாட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட நூலிலேயே, நோயாளியின் கண்முன் உள்ள பொருள்களின் வடிவமும் வண்ணமும் அவர் மனத்தோடு உடலையும் தொடுகின்றன என்று எழுதியுள்ளார். அது அனுபவத்தில் கண்ட கருத்து. அளந்து பார்த்த ஆய்வுகள் பின்னர் வந்தன.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டார். 23 பேரின் சன்னல் மரங்களை நோக்கியிருந்தது. மற்ற 23 பேரின் சன்னல் செங்கற்சுவரை நோக்கியிருந்தது. மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இவ்வாய்வு 1984இல் வெளியாயிற்று.

அதன்பின் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில், இதய அறுவைக்குப் பின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த 160 பேரிடம் படங்களையே வைத்து ஆராய்ந்தனர். மரங்களும் நீரும் கொண்ட திறந்தவெளிப் படத்தைக் கண்டவர்களிடம் பதற்றம் குறைந்திருந்தது. இன்னதென்று அறியவியலாத நவீன வடிவங்களைக் கண்டவர்களிடம், படமே இல்லாதவர்களைவிடப் பதற்றம் மிகுந்திருந்தது.

இவற்றிலிருந்து அளவோடு பொருள் கொள்ள வேண்டும். இவை சிறிய ஆய்வுகள். பறவை ஓவியங்களைத் தனியே ஆராய்ந்தவையும் அல்ல. படம் நோயைத் தீர்க்காது. மருந்தின் அளவைக் குறைக்கவோ மருத்துவரைக் காணும் நாளைத் தள்ளிவைக்கவோ அது காரணமாகக் கூடாது. எனினும் இரண்டு செய்திகளை நம்பிக்கையோடு கொள்ளலாம். எளிதில் இன்னதென்று புரியும் இயற்கைக் காட்சி பெரும்பாலோர்க்கு இதமளிக்கிறது. பொருள் விளங்காத, குழப்பமான படம் நோயாளிக்குச் சுமையாகலாம். பழைய பறவை ஓவியம் முதல் வகையைச் சேர்ந்தது.

எந்தப் பறவையைத் தேர்வது?

நோயாளிக்கு அறிமுகமான பறவையே முதல் தேர்வாகட்டும். மீஞ்சூர், பொன்னேரி, அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி ஆகிய ஊர்களில் வாழ்வோர்க்குப் பறவைகள் புதியவை அல்ல. வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கொசத்தலை ஆற்றின் எண்ணூர்க் கழிமுகம், இடையே நெல்வயல்களும் ஏரிகளும் உள்ளன. ஆலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் நடுவிலும் கொக்கும் நாரையும் இன்றும் வருகின்றன. பகல் முழுவதும் ஆலையில் உழைத்தவரோ வயலில் நின்றவரோ, தாம் அறிந்த பறவையைச் சுவரில் காணும்போது அது அவரை வெளியுலகோடு சேர்த்து வைக்கிறது.

கடைகளில் மிகுதியாக விற்கப்படும் ஒரு படத்தை இங்குக் குறிப்பிடலாம். அமெரிக்க ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1827 முதல் 1838 வரை 435 தகடுகளாக வெளியிட்ட நூலின் செந்நிறப் பூநாரை அது. பறவையை உயிரளவில் காட்ட விரும்பிய ஆடுபான், தாளின் உயரம் போதாமையால், பூநாரை தன் நெடுங்கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்தியிருக்குமாறு அமைத்தார். அழகிய படம்தான். ஆயினும் அது அமெரிக்க இனம். பழவேற்காட்டிற்குக் குளிர்காலத்தில் வரும் பெரும் பூநாரை அவ்வளவு சிவந்ததன்று. உடல் வெண்மை கலந்த வெளிர்சிவப்பு, சிறகை விரித்தால்தான் அடர்ந்த சிவப்பு தெரியும். பழவேற்காட்டுக் கரையில் வளர்ந்த பெரியவர் ஒருவர் ஆடுபானின் படத்தைக் கண்டு, "நம்ம ஊர்ப் பறவை இப்படி இராதே" என்றால் அவர் கூறுவதே சரி. பெரும் பூநாரையின் பழைய ஓவியங்களும் கிடைக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்கலாம்.

நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, மீன்கொத்தி, பனங்காடை, மாங்குயில், தையல்சிட்டு ஆகியவையும் நம் பகுதியினர்க்கு அறிமுகமானவை. வண்ணத்தாலும் வடிவத்தாலும் தெளிவானவை.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. இரையைக் கிழிக்கும் வல்லூறு, குருதி தெரியும் காட்சி, பிணந்தின்னிக் கழுகு ஆகியவை நோயாளியின் அறைக்கு ஏற்றவை அல்ல. பழைய நூல்களில் இவை மிகுதி; ஆதலால் பார்த்துத் தேர வேண்டும். ஆந்தையும் கூகையும் இயற்கையில் உழவருக்கு உதவும் பறவைகளே. எனினும் அவற்றைத் தீய சகுனமாகக் கருதும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் உள்ளது. நோயுற்றிருக்கும் வேளை அந்நம்பிக்கையோடு வாதிடும் வேளையன்று. நோயாளியோ அவரைக் காண வரும் மூத்தோரோ மனம் கலங்கக்கூடிய எதையும் மாட்ட வேண்டா. எல்லாவற்றிற்கும் மேலாக, இயலுமானால் நான்கைந்து படங்களைக் காட்டி நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எப்போது உண்பது, எப்போது ஊசி, எப்போது குளிப்பது என எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் நாட்களில், தாமே முடிவு செய்யும் ஒரு சிறு செயல் அவருக்கு மதிப்பளிக்கிறது.

பெறுதலும் அச்சிடுதலும்

பழைய நூலிலிருந்து கிழித்தெடுக்கப்பட்ட உண்மையான தாள்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்க வேண்டா என்பதற்கு இரு காரணங்கள் உள்ளன. படங்களுக்காக அரிய நூல்கள் சிதைக்கப்படுகின்றன என்பது ஒன்று. பழந்தாளில் பூஞ்சையும் தூசியும் தங்கியிருக்கக்கூடும் என்பது மற்றொன்று. ஆஸ்துமா உள்ளவர்க்கும், புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கும் பூஞ்சை தீங்கு தரும். புதிய தாளில் அச்சிட்ட மறுபதிப்பே பாதுகாப்பானது, செலவும் குறைவு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பின் அவர் வாழ்நாளில் வெளியான படைப்பு பொதுவுடைமையாகிறது. ஆகவே ஆடுபான், ஜெர்டன் போன்றோர் நூல்களின் படங்களைத் தாராளமாக அச்சிடலாம். பல்லுயிர் மரபு நூலகம் என்னும் பன்னாட்டு இணைய நூலகம் பழைய இயற்கை நூல்களைப் பக்கம் பக்கமாக இலவசமாக அளிக்கிறது. குவில்லிம் ஓவியங்களைப் போல நூலகங்களில் மூலமாக உள்ளவற்றிற்கு அந்தந்த நூலகத்தின் விதிமுறையை ஒருமுறை படித்துக்கொள்வது நன்று. வீட்டிலுள்ள பள்ளி, கல்லூரி மாணவரிடம் இத்தேடலை ஒப்படைக்கலாம்; நோயாளிக்கு ஏதேனும் செய்ய விரும்பியும் செய்வதறியாது நிற்கும் பிள்ளைகளுக்கு இது பொருத்தமான பணி.

அச்சகத்திற்குச் செல்லும் முன் கவனிக்க வேண்டியவை:

படக்கோப்பின் அளவு: ஏ4 தாளுக்கு ஏறத்தாழ 2,480 × 3,508 பிக்சல், ஏ3 தாளுக்கு 3,508 × 4,961 பிக்சல் இருந்தால் இறகின் கோடுகள் தெளிவாக விழும். கைப்பேசியில் திரைப்பிடிப்பாக எடுத்த படம் பெரிதாக்கினால் மங்கும்.

தாள்: பளபளப்பில்லாத மேட் தாளைக் கேளுங்கள். பளபளக்கும் தாளில் குழல்விளக்கின் ஒளி பட்டுத் தெறிக்கும். படுத்திருப்பவர்க்குப் படம் தெரியாது, கண்ணும் கூசும்.

கறைகள்: பழந்தாளின் பழுப்புப் புள்ளிகள் சிலர்க்குப் பழமையின் அழகாகத் தோன்றும். நோயறையில் அவை அழுக்காகவோ பூச்சியாகவோ தோன்றக்கூடும். தூய பின்னணியுள்ள படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பெயர்: படத்தின் கீழே பெரும்பாலும் இலத்தீன் பெயரே இருக்கும். அதன்கீழ்ப் பறவையின் தமிழ்ப் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டோ எழுதியோ சேர்த்திடுங்கள்.

மாட்டுதலும் தூய்மையும்

மருத்துவமனையில் இருக்கும்போது, எதையும் ஒட்டுவதற்கு முன் பொறுப்புச் செவிலியரின் அனுமதியைப் பெறுக. தீவிரச் சிகிச்சைப் பிரிவு, இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு போன்ற இடங்களில் தொற்றுத் தடுப்பு விதிகள் கடுமையானவை. அங்கெல்லாம் நெகிழி உறையிட்ட ஏ4 படம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்ப்பதே ஏற்றது. அதைத் துடைக்கலாம், வீடு திரும்பும்போது எடுத்துச் செல்லலாம். ஒரு நோயாளி பயன்படுத்தியதை இன்னொருவர்க்குக் கொடுக்குமுன் கிருமிநாசினியால் துடைத்தல் வேண்டும்.

வீட்டில் படத்தின் இடம் மிக இன்றியமையாதது. நிற்பவரின் கண்மட்டத்தில் மாட்டுவதே நம் வழக்கம். நோயாளி நிற்பதில்லை. ஆகவே மாட்டுபவர் அந்தக் கட்டிலில் ஒருமுறை படுத்துப் பார்க்க வேண்டும். தலையணையில் தலை வைத்தபடி, கழுத்தைத் திருப்பாமல் எந்த இடம் தெரிகிறதோ அதுவே படத்திற்குரிய இடம். பெரும்பாலும் அது கால்மாட்டுச் சுவராக இருக்கும். தலைமாட்டுச் சுவரில் மாட்டினால் வருவோர் காண்பர்; நோயாளி காணார். தவறி விழுந்தால் தலையில் விழும் என்பதும் அதனைத் தவிர்க்க ஒரு காரணம்.

சட்டத்திற்குக் கண்ணாடியைவிட அக்ரிலிக் தகடு நல்லது. எடை குறைவு, உடைந்து சிதறாது. கடற்காற்று வீசும் நம் பகுதியில் இரும்பாணி விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் இரண்டைப் பயன்படுத்துக. சட்டத்தின் பின்புற மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் சட்டத்திற்கும் இடையே காற்று புக இடம் விடுக. இல்லையேல் மழைக்காலத்தில் அவ்விடத்தில் பூஞ்சை படரும். மாதம் ஒருமுறை கழற்றிப் பின்புறத்தையும் பாருங்கள். துடைக்கும்போது சோப்புநீரைத் துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். படத்தின்மீது நேரடியாகத் தெளிக்கலாகாது. துணித் திரையில் அச்சிட்ட படங்கள் தூசியைப் பிடிப்பதால் நோயறைக்கு ஏற்றவை அல்ல.

ஒரே நேரத்தில் ஒரு படம் போதும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மாற்றினால் புதுமை குன்றாது.

சிறப்புக் கவனம் வேண்டுவோர்

பக்கவாதத்திற்குப் பின் சிலர் தம் ஒரு பக்கத்தை, பெரும்பாலும் இடப்பக்கத்தை, கவனியாமல் இருப்பர். பார்வை இருந்தும் அப்பக்கம் மனத்தில் பதியாது. அவர்களுக்குப் படத்தை எப்பக்கம் வைப்பது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மறந்த பக்கத்தை நோக்கிப் பார்வையைத் திருப்பும் பயிற்சிக்கும் அப்படத்தை அவர் பயன்படுத்தக்கூடும்.

மறதி நோய் உள்ளவர்க்கும், காய்ச்சலாலோ அறுவையாலோ தற்காலிக மனக்குழப்பம் அடைந்த முதியவர்க்கும் படம் அச்சமூட்டலாம். பெரிய விழிகள் நேராக நோக்கும் பறவை, இருட்டில் மின்னும் சட்டம் ஆகியவை வேண்டா. "பறவை அசைகிறது", "அது என்னையே பார்க்கிறது" என்று அவர் கூறினால் விவாதிக்காமல் படத்தைக் கழற்றிவிடுங்கள். இல்லாததைக் காண்பது புதிதாகத் தொடங்கியிருந்தால் அதை உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அது தொற்றின் அறிகுறியாகவோ, மருந்தின் விளைவாகவோ, பார்வைக் குறைவின் விளைவாகவோ இருக்கக்கூடும்.

பார்வை மங்கியவர்க்கு ஏ3 அளவில், அடர்வண்ணமுள்ள ஒற்றைப் பறவை பொருந்தும். தலைச்சுற்றல் உள்ளவர்க்கு நெருக்கமான கோடுகளும் பல பறவைகளும் நிறைந்த படம் வேண்டா.

இருவர் சேர்ந்து பார்த்தல்

நீண்ட நோயில் வீட்டின் பேச்சு சுருங்கிவிடுகிறது. மாத்திரை போட்டாயிற்றா, சர்க்கரை எவ்வளவு, மலம் கழிந்ததா, அடுத்த பரிசோதனை எப்போது என்பனவே கணவன் மனைவிக்கும் தாய் மகளுக்கும் இடையே எஞ்சுகின்றன. கேட்பவர் களைக்கிறார், பதில் கூறுபவர் தம்மை ஒரு நோயாகவே உணரத் தொடங்குகிறார். சுவரிலுள்ள பறவை, அவ்விருவரும் சேர்ந்து நோக்கக்கூடிய மூன்றாவது பொருள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

அலகிலிருந்து தொடங்கலாம். நத்தைகுத்தி நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளியோடு இருக்கும். ஓவியர் தவறாக வரைந்துவிட்டார் என்று தோன்றும். நத்தையைப் பிடித்து அதன் உடலை ஓட்டிலிருந்து வெளியே எடுக்க ஏற்ற கருவி அது. பூநாரையின் அலகு கீழ்நோக்கி வளைந்திருப்பது ஏன்? அது தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை அரித்து உண்கிறது. அதன் செந்நிறமும் உணவிலிருந்து வருவதே. கேரட்டிற்கும் பப்பாளிக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டு வகைப் பொருள்கள் அதன் உணவிலும் உள்ளன. குஞ்சாக இருக்கும்போது அது சாம்பல் நிறமே. மெலிந்த கால்களில் நெடுநேரம் நிற்பது எவ்வாறு, விரல்களுக்கிடையே சவ்வு உள்ளதா, கூழைக்கடாவின் பை எதற்கு எனக் கேள்விகள் ஒன்றையொன்று தொடரும். பேசவியலாத நோயாளியிடம், "அலகு எங்கே?" என்று கேட்டு விரலால் காட்டச் சொல்லலாம். மாலையில் பள்ளியிலிருந்து வரும் பேரப்பிள்ளை தாத்தாவின் கட்டிலருகே நிற்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. முதியவர் தாம் இளமையில் கண்ட ஏரியையும் வயலையும் அவனுக்குச் சொல்லத் தொடங்குவார். சொல்பவர் அப்போது நோயாளியாக இருப்பதில்லை.

உடனிருந்து பார்த்துக்கொள்வோர்க்கும் இது பொருந்தும். இரவு விழித்திருந்து நோயாளியின் மூச்சையே கவனித்துக்கொண்டிருக்கும் கண்கள் சற்றே இளைப்பாற ஓரிடம் வேண்டும்.

உடல் தேறி எழுந்து நடமாடும் நிலை வந்தபின், மருத்துவரின் ஒப்புதலோடு, சுவரில் கண்ட பறவையை நேரில் காணச் செல்லலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பதப்படுத்தப்பட்ட பறவைகளின் கூடம் உள்ளது. 1851இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபரும் ஓர் அறுவை மருத்துவரே. உயிருள்ள பறவைகளைக் காண அத்தொலைவும் வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டிற்குச் சென்றால் ஏரியின் ஆழமில்லா நீரில் பூநாரைகள் நிற்கும். அவ்வளவு தூரம் செல்லவியலாதோர்க்கு, அறுவடை முடிந்த வயலோரம் போதும். நத்தைகுத்தி நாரை அங்கே வரும்.

அதுவரை அவருக்குத் தேவையானவை ஒரு தாள், இரண்டு திருகுகள், அவரோடு அமர்ந்து பார்க்க ஐந்து நிமிடம். இன்று மாலை அவருடைய கட்டிலில் ஒருமுறை படுத்து, எதிர்ச்சுவரைப் பாருங்கள்.